அவர் நம்பருக்கு வரும் ஓடிபி

ஜூன் 14, வெள்ளி

படிவம் பதினாறு வந்துவிட்டது. அக்கவுண்ட்ஸில் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டேன். வழக்கமாக இந்தக் காகிதம் வந்த அன்றைக்கே அவர் கைக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். வருமான வரிக் கணக்குப் போடுவது அவருக்குத் திருவிழா மாதிரி. பனியனும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்தால் காபிகூடப் பக்கத்தில் வைக்க விடமாட்டார். ஆஸ்பத்திரி லேபில் நின்று சம்பாதிப்பது நான், கணக்குக் காட்டுவது அவர். முன்பெல்லாம் கையெழுத்தாவது போடுவேன். இப்போது அதுவும் இல்லை, அவரே ஓடிபி போட்டு அனுப்பிவிடுகிறார்.

இந்த வருஷம் கொடுக்கப் போவதில்லை.

மெடிக்கல் ரெப் கொடுத்த இந்த டைரியில் காரணத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே பயம் வந்தால் எடுத்துப் படிக்கலாம். மகள் தாரணிக்கு அக்டோபரில் பிரசவம். ஜெர்மனியில் அவளும் அவள் புருஷன் ஜெபராஜும் மட்டும்தான் இருக்கிறார்கள். ஜெபராஜுக்கு அம்மா இல்லை. நான் போக வேண்டும். விசாவுக்கு மூன்று வருஷத்து வரிக் கணக்குக் கேட்கிறார்கள், இந்த வருஷத்தையும் சேர்த்து. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி சென்னையில் விசா மையத்துக்கு வரச்சொல்லி நேரம் வாங்கிவிட்டாள். அதற்குள் எல்லாக் காகிதமும் என் கையில் இருக்க வேண்டும்.

அவரிடமே கேட்டால் என்ன? அவள் ஜெபராஜைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, "இனிமே அவ பேரு இந்த ஊட்டுல கேக்கக் கூடாது" என்றார். மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. நான் அவளோடு பேசுவதெல்லாம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றுதான். கேட்டு, அவர் 'கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை மீறிப் போக எனக்குத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை. கேட்காமல் இருந்தால் மீறுவதற்கு ஒன்றும் இல்லை.

"படிவம் வந்துருச்சா?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"இன்னும் தரலீங்."

"ம்."

ஜூன் 18, செவ்வாய்

மத்தியானம் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுகுணாவின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். பான் கார்டு, ரேஷன் கார்டு, வரிக் கணக்கு எல்லாம் அவள் பார்க்கிறாள். என் பான் நம்பரைப் போட்டாள். பாஸ்வேர்டு கேட்டது. எனக்கு எங்கே தெரியும்?

"பரவால்லக்கா, மாத்திக்கலாம். ஓடிபி வரும், பாத்துச் சொல்லுங்க."

என் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சுகுணா திரையைத் திருப்பிக் காட்டினாள். நாற்பத்தேழில் முடியும் நம்பருக்கு அனுப்பியாயிற்றாம். அது அவர் நம்பர்.

"ஆதார் வழியாப் போட்டுப் பாக்கலாங்க்கா" என்று இன்னொரு தடவை தட்டினாள். அதுவும் நாற்பத்தேழு.

வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மத்தியானம் எங்க போயிருந்தே?" என்றார். ஆஸ்பத்திரியில்தான், வேறு எங்கே போவேன் என்று சிடுசிடுத்தேன். நான் சிடுசிடுத்தால் அவர் பேசமாட்டார், அது ஒரு வசதி.

ஜூன் 22, சனி

பேங்குக்குப் போய் வட்டிச் சான்றிதழ் கேட்டேன். ஓடிபி, நாற்பத்தேழு. எல்ஐசி பிரீமியம் சான்றிதழ், நாற்பத்தேழு. கேஸ் புக் செய்கிற நம்பர்கூட அதுதான். என் பெயரில் உள்ள எல்லா வாசலிலும் அவர் நம்பர் காவலுக்கு நிற்கிறது.

அவரைத் திட்டவும் முடியாது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரே செல்போன். ஆதார் முகாமில் வெயிலில் நின்று இரண்டு பேருக்கும் அவரேதான் படிவம் எழுதினார். ஏமாற்றவேண்டும் என்று செய்ததில்லை. எனக்கென்று ஒரு நம்பர் பின்னால் வந்தது. தாரணி முதல் சம்பளத்தில் போனும் சிம்மும் வாங்கி, "இது உன்னோட நம்பர்மா" என்று கையில் கொடுத்தாள். அந்த நம்பரை அவளைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடுகிறவர்கள்கூட வீட்டு நம்பர் என்று அவருக்குத்தான் போடுகிறார்கள்.

முதல் வேலை, ஆதாரில் நம்பரை மாற்றுவது. அது மாறினால் மற்றதெல்லாம் தானாகத் திறக்கும் என்கிறாள் சுகுணா.

பீரோவில் இருந்து என் பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். சங்கத்தில் இலங்கை டூர் போகிறார்கள் என்று இரண்டு பேரும் எடுத்தது. டூர் நடக்கவே இல்லை. அவருடையதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஆதார் மையம். வரிசையில் நின்று உள்ளே போனால் விரல் ரேகை விழவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், அந்தக் கை, இந்தக் கை.

"அம்மா, ரேகையே இல்லீங்களே. என்ன வேலை பண்றீங்க?"

"லேபு."

"அதான். ஸ்பிரிட்டும் சோப்பும் தேச்சுத் தேச்சு அழிஞ்சிருச்சு."

எரிச்சலாக வந்தது. இந்த ஈரோட்டில் பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்தது இந்த விரல், இது யாருடையது என்று மெஷினுக்குத் தெரியவில்லையாம். 'நான் இப்படியே உட்கார்ந்திருப்பேன், நீங்கள் வழி பாருங்கள்' என்று சொல்லிவிட்டேன். கடைசியில் கண்ணைப் படம் பிடித்தார்கள், சரியாகிவிட்டது. நம்பர் மாற ஒரு மாசம்கூட ஆகலாம் என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு மாசம் என்றால் ஜூலை இருபத்தைந்து. முப்பத்தொன்று கடைசி நாள். நேரம் இருக்கிறது.

ஜூன் 29, சனி

அவர் சாயங்கால நடைக்குப் போனபோது போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுவும் என் தையல் மெஷின் மேலே. செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்க் கொடுத்தேன். என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊட்டுலயே இருந்திருக்கட்டும்" என்று முனகிக்கொண்டே பையில் போட்டுக்கொண்டார். நன்றி என்ற வார்த்தை இந்த மனுஷர் வாயில் இருந்து வராது.

ஜூலை 3, புதன்

இன்றைக்கு ரசீது வேட்டை. காலண்டர் பக்கத்தில் அவருடைய பில் குத்துகிற கம்பி தொங்குகிறது. இந்த வீட்டுக்குள் வருகிற எந்தக் காகிதமும் அதில் குத்தப்பட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பழையது அடியில், புதியது மேலே. அடியில் இருக்கிற என் பிரீமியம் ரசீதை எடுக்க, மேலே இருக்கிற அத்தனையையும் உருவி, திரும்ப அதே வரிசையில், அதே ஓட்டையில் மாட்ட வேண்டும். அவர் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் செய்தேன்.

மருத்துவக் காப்பீடு கிடைத்தது. எல்ஐசி கிடைத்தது. முதியோர் இல்லத்துக்குக் கொடுத்த நன்கொடை ரசீது கிடைத்தது. மருந்துக் கடை பில்கள் எல்லாம் எழுத்தே இல்லாமல் வெள்ளையாகிவிட்டன. எடுத்ததை எல்லாம் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். டிபன் பாக்ஸ் இப்போது கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது.

திரும்பி வந்தவர் கம்பியைப் பார்த்தார். ஒரு பில் கோணலாக இருந்தது. அதை நேராக்கிவிட்டுப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். கால்பந்து, முந்தின நாள் ஆட்டத்தைத் திரும்பப் போட்டார்கள். இவர் கபடிகூடப் பார்க்கமாட்டார். ஜெர்மனியில் நடக்கிறதாம். பந்தை அவர் பார்த்த மாதிரித் தெரியவில்லை, சுற்றி உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் கம்பிளி போடல" என்றார்.

"வெயில் காலமுங் அங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, உனக்கெப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 6, சனி

மறுபடியும் போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தத் தடவை சமையல் மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். பூட்டுகூடப் போடவில்லை, தொட்டால் திறந்துகொள்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் கை போனது. அதை எடுத்துக்கொண்டு சுகுணா கடைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். எடுக்கவில்லை. திருட்டுத்தனமாக வாங்கின ஓடிபியோடு பேரப்பிள்ளையைப் பார்க்கப் போக எனக்கு இஷ்டமில்லை. மறைத்துச் செய்வது வேறு, திருடுவது வேறு. அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வந்ததும் சத்தம் போட்டேன். "பூட்டுக்கூடப் போடாம எவனாவது எடுத்துட்டுப் போனா?"

"ஊட்டுல நீதான இருக்கறே" என்றார்.

இப்படி மறதி வருகிற வயசா இது? அறுபத்திரண்டுதான் ஆகிறது. பயமாக இருக்கிறது. நான் அங்கே போய்விட்டால் அடுப்பை அணைக்காமல் போய்விடுவாரோ?

ஜூலை 8, திங்கள்

லேபுக்குப் போவதற்கு முன்னால் அவருக்கு ரத்தம் எடுத்தேன். பி12 குறைந்தாலும் தைராய்டு கெட்டாலும் மறதி வரும். நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பட்டையைக் கட்டினேன். ஊசி என்றால் அவருக்கு நடுக்கம். எப்போதும் போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்கு இது?"

"அடிக்கடி போன மறக்கறீங்கல்ல."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "மறக்கல" என்றார்.

"மறந்தவிய எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க. கைய மூடுங்."

மூடினார். அவர் கையைப் பிடித்து வெகுநாள் ஆகிவிட்டது. நரம்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

பி12 சரி. தைராய்டு சரி. சர்க்கரைகூட இல்லை. பிறகு ஏன் மறக்கிறது?

ஜூலை 13, சனி

சுகுணாவிடம் ரசீதுக் கட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். உள்ளே நுழைய முடியாவிட்டாலும் கணக்கையாவது போட்டு வைக்கலாம் என்று. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "எதுக்குக்கா இத்தனை? புது முறையில போட்டா ஒரு ரசீதும் வேண்டாம். உங்க சம்பளத்துக்கு வரியே வராது" என்றாள்.

அவளை அப்படியே முறைத்தேன். கம்பியில் இருந்து உருவி, ஓட்டை பார்த்து மாட்டி, எல்ஐசி ஆபீஸில் கால் கடுக்க நின்று!

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கவே இல்லியேக்கா."

அடுத்து, டெபாசிட் வட்டியை விட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். "எழுது. எல்லாத்தையும் எழுது. ஒளிச்சு வெக்கறதுக்கு எனக்கு ஊட்டுலயே நிறைய இருக்குது" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒண்ணு. தேங்காய் சுட்டோம். வாங்கி வரச் சொன்னால் மூன்று தேங்காய் வாங்கி வந்திருக்கிறார். ஆளுக்கு ஒன்று, மூணாவது எதற்கு என்றேன். "சில்லறை இல்லன்னான்" என்றார். மூன்றையும் அவரே தேய்த்து, கண் திறந்து, வெல்லமும் எள்ளும் பாசிப்பருப்பும் அடைத்து, குச்சியில் குத்தி வாசலில் சுட்டார். மூன்றாவதை யாருக்கும் கொடுக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

தாரணி சின்ன வயசில் சுடும்போதே வெடித்துவிடும் என்று பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். அவளுக்கு இதைச் சொல்ல வேண்டும். வேண்டாம், அழுவாள். இந்த மாசத்தில் அழக் கூடாது.

ஜூலை 22, திங்கள்

சுகுணா இன்னொரு தடவை முயற்சி செய்தாள். நாற்பத்தேழு.

ஜூலை 25, வியாழன்

இன்னும் இல்லை. ஆதார் மையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். 'வரும்' என்றார்கள். எப்போது என்றேன். 'வரும்' என்றார்கள். முப்பத்தொன்று வரைக்கும் தினம் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசல் காவலாளி எனக்கு இப்போதே வணக்கம் வைக்கிறார்.

ஜூலை 26, வெள்ளி

வந்துவிட்டது! லேபில் கையுறையோடு நின்றபோது போன் அதிர்ந்தது. ஆதாரில் நம்பர் மாறிவிட்டதாக ஒரு குறுஞ்செய்தி. கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தேன். வரிசையில் ரத்தம் கொடுக்க நின்ற ஒரு பெரியவர், "நல்ல சேதியாம்மா?" என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றேன்.

ஜூலை 27, சனி

சுகுணா பொத்தானை அழுத்தினாள். என் போன் மேஜையில் கிடந்தது. சத்தம் போட்டுக்கொண்டு வந்தது ஓடிபி. ஆறு எண்கள். நானே படித்துச் சொன்னேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கணக்குப் போய்விட்டது. சரிபார்த்தும் ஆயிற்று. பழைய வருஷத்து ஒப்புகைகளையும் இறக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். அவர் போட்ட பழைய கணக்குகளில் ஒரு தப்புகூட இல்லை என்றாள் சுகுணா. அது எனக்குத் தெரிந்ததுதான்.

இனிமேல் சொல்லிவிடலாம். நாளைக்குச் சொல்கிறேன். கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை டிபன் முடிந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்தேன். காகிதங்களை மேஜையில் வைத்தேன். "நான் தாரணிகிட்டப் போறேனுங். விசாவுக்கு எல்லாம் ரெடி. என்ற கணக்க நானே போட்டுட்டேன்." மூன்று வருஷம் கழித்து அந்தப் பேர் வீட்டுக்குள் கேட்டது. கூரை இடிந்து விழவில்லை.

அவர் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். திறந்தால் குறுஞ்செய்திகள். வருமான வரி, ஆதார், பேங்க், எல்ஐசி. நானும் சுகுணாவும் தட்டின ஒவ்வொரு தடவையும் அவருக்கு வந்திருக்கிறது. ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ஜூன் பதினெட்டு மத்தியானத்தில் இருந்து அவருக்குத் தெரியும்.

"அந்த வாரமே உன்ற பாஸ்போர்ட்டும் பீரோவுல இல்ல" என்றார். "எங்க போறேன்னு எனக்குத் தெரியாதாக்கும்."

"தெரிஞ்சும் ஏனுங் சொல்லல?"

"நீ கேப்பேன்னு பாத்தேன். கேக்கவே இல்ல. சரி, எடுத்துக்கட்டும்னு போன வெச்சுட்டுப் போனா, தெருமுனைக்கு ஓடியாந்து குடுக்கறே. ரெண்டாந்தடவ வெச்சா, ரத்தம் எடுக்கறே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத மனுஷருக்கு நான் பி12 பார்த்திருக்கிறேன்.

எழுந்து உள்ளே போய்க் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். சங்கத்தில் கட்டுகிற மாதிரியே ஓரத்தில் துளை போட்டு நூல் கோத்திருந்தது. அவருடைய மூன்று வருஷத்து வரிக் கணக்கு. பென்ஷன் சீட்டு. பேங்க் புத்தகத்தின் நகல். பாஸ்போர்ட். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு எடுத்த போட்டோ, தலை மட்டும் தனியாகத் தெரிகிறது.

"இதையும் சேத்தி வெச்சுக்க" என்றார்.

ஒரு நொடி, சரி என்று தலையாட்டியிருப்பேன். ஆனால் மூன்று வருஷம் மாடிப்படியில் நின்று பேசினது நான். கோப்பை முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினேன்.

"ஒரு காகிதம் குறையுதுங்."

"குறையாதே. எல்லாம் பாத்துட்டேன்."

"அழைப்புக் கடிதம். அங்க இருக்கறவிய, இன்னாரு எங்க வீட்டுல வந்து தங்கறாங்கன்னு பேர் போட்டு எழுதிக் குடுக்கோணும். எனக்கு எழுதிட்டா. உங்களுக்கு எழுதோணும்னா நீங்கதான் கேக்கோணும். நான் கேட்டு வாங்கித் தர மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகட்டும், நான் போவது போவதுதான் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கோப்பின் நூலை இழுத்து இழுத்து முடிச்சைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"அக்டோபர்ல அவளுக்குப் பிரசவம்" என்றேன்.

நூலை விட்டுவிட்டார். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்த ஓடிபியும் அதைச் சொல்லியிருக்காது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். நானும் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

வெகுநேரம் கழித்துப் போனைக் கையில் எடுத்தார்.

"நம்பர் சொல்லு. நான் அழிச்சுப்போட்டேன்."

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். நடுவில் ஒரு எண்ணைத் தவறவிட்டு, "மறுபடி சொல்லு" என்றார். மறுபடி முதலில் இருந்து சொன்னேன்.

அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எடுத்துவிட்டாள்.

"சாமி... நாந்தேன். அப்பா பேசறேன்" என்றார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்கத்தில் கடன் கேட்டு வந்தவர்கள் மாதிரி எழுந்து நின்றுகொண்டு சொன்னார்: "ஒரு கடுதாசி வேணும் சாமி. உங்கம்மாளுக்கு எழுதினயில்ல, அதுல எம்பேரையும் சேத்தி எழுதோணும். எழுதுவியா?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் "ம்" என்றார். பிறகு "ம்... ம்" என்றார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். இது அவர் நம்பருக்கு வந்த பேச்சு.

ஜூலை 31, புதன்

கடிதம் வந்துவிட்டது. இரண்டு பெயர் இருக்கிறது. அவருக்கும் அதே நாளில் நேரம் பிடித்தாயிற்று. போட்டோவை மட்டும் நாளைக்குக் கலர் சட்டையோடு திரும்ப எடுக்க வேண்டும். கடிதத்தை நாலு பிரதி எடுத்து வந்தார். மூன்றைக் கோப்பில் வைத்துவிட்டு, ஒன்றைக் கம்பியில் குத்தியிருக்கிறார்.